தீர்க்கதரிசன வரம் இன்றும் இருக்கிறதா? ஒரு வார்த்தையால் அக்கா கல்யாணம் நிற்கிறது

காட்பாடி தம்பி:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் தாத்தா காலத்திலிருந்து சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை). அப்பா தவறிய பிறகு அம்மா ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைக்கும், வெள்ளிக்கிழமை பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் நடக்கிற உபவாச ஜெபத்துக்கும் போய்க்கொண்டிருக்கிறார். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அப்பா போன மூன்று மாதம் அம்மா சரியாகச் சாப்பிடக்கூட இல்லை, அந்தக் கூட்டத்துப் பெண்கள்தான் முறைவைத்து வீட்டுக்கு வந்து கஞ்சி வைத்துக் கொடுத்து அவரை எழுப்பி உட்கார வைத்தார்கள்.

போன வருடம் அங்கே வெளியூரிலிருந்து ஒரு ஊழியர் வந்தார். அக்கா அன்றைக்கு அம்மாவை வண்டியில் கூட்டிக்கொண்டு வரத்தான் போயிருக்கிறாள், வாசலிலேயே நின்றிருக்கிறாள். அவர் அவளை உள்ளே கூப்பிட்டு, தலைமேல் கை வைத்து, "மகளே, கிட்ட இருப்பதைப் பார்க்காதே, வடக்கே தூரத்தில் உனக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறேன் என்று கர்த்தர் சொல்லுகிறார்" என்று சொல்லிவிட்டார். அம்மா அன்று ராத்திரியே அதைத் தன் பைபிளின் கடைசி வெள்ளைத் தாளில் தேதி போட்டு எழுதி வைத்துவிட்டார். அதே தாளில் மேலே எங்கள் இரண்டு பேரின் ஞானஸ்நானத் தேதியும், அதற்குக் கீழே அப்பா இறந்த தேதியும் இருக்கின்றன. எங்கள் வீட்டில் அந்தத் தாளில் ஏறியதை யாரும் அழிப்பதில்லை.

இந்த ஜனவரியில் ஆம்பூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு பார்க்கிறார், ஜெபிக்கிற குடும்பம், அக்காவும் அவரும் இரண்டு முறை பேசினார்கள், அக்காவுக்குப் பிடித்திருந்தது. அம்மா, "ஆம்பூர் நமக்கு மேற்கே, ஒரு மணி நேரத் தூரம், இது கர்த்தர் சொன்ன வாசல் இல்லை" என்று சொல்லி நிறுத்திவிட்டார். அக்காவுக்கு 31 வயது. பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள், வருகிறாள், எதுவும் பேசுவதில்லை.

நான் கேட்பது இதுதான். அப்போஸ்தலர் நடபடிகளில் வருகிற அகபு மாதிரி, பிலிப்புவின் நான்கு மகள்கள் மாதிரி, தீர்க்கதரிசனம் சொல்லுகிற வரம் இன்றைக்கும் சபையில் இருக்கிறதா, இல்லை அப்போஸ்தலர் காலத்தோடு நின்றுவிட்டதா? நின்றுவிட்டது என்றால் அம்மாவிடம் அதை எந்த வசனத்தை வைத்துச் சொல்வது? இருக்கிறது என்றால் இந்த வார்த்தையை என்ன செய்வது? ஊழியரைத் திட்டுகிற பதில் வேண்டாம், அதை அம்மாவிடம் காட்ட முடியாது.

ராணிப்பேட்டை மூப்பர்:

தம்பி, நான் நேராகவே சொல்லிவிடுகிறேன், என் நிலைப்பாடு நின்றுவிட்டது என்பதுதான். நம் வட ஆற்காட்டுக்கு சுவிசேஷத்தோடு பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கொண்டுவந்த ஆற்காடு மிஷன், அமெரிக்க சீர்திருத்த சபையின் ஊழியம். அந்த மரபில் வளர்ந்தவர்கள் வேதம் போதும் என்பதில் உறுதியாக இருந்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும், தேவன் முற்காலத்தில் தம் சித்தத்தை வெளிப்படுத்திய அந்த வழிகள் இப்போது ஓய்ந்துவிட்டன என்று முதல் அதிகாரத்திலேயே சொல்கிறது.

எபேசியர் 2:20 படியுங்கள். சபை அப்போஸ்தலர், தீர்க்கதரிசிகள் என்கிற அஸ்திபாரத்தின்மேல் கட்டப்பட்டிருக்கிறது. வீடு கட்டுகிறவன் அஸ்திவாரத்தை ஒரு முறைதான் போடுவான், மாடிக்கு மாடி போடமாட்டான். எபிரெயர் 1ஆம் அதிகாரம், முற்காலத்தில் தீர்க்கதரிசிகள் மூலமாய்ப் பேசின தேவன் இந்தக் கடைசி நாட்களில் குமாரன் மூலமாய்ப் பேசினார் என்கிறது. குமாரனுக்கு மேல் இன்னொரு செய்தி என்ன வேண்டியிருக்கிறது? சென்ற நூற்றாண்டில் அமெரிக்க இறையியலாளர் பெஞ்சமின் வார்ஃபீல்ட் 1918இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் வாதித்தார்: அற்புத வரங்கள் அப்போஸ்தலரை அடையாளம் காட்டக் கொடுக்கப்பட்டவை, அவர்களோடு அந்த வேலை முடிந்தது.

ஒன்றை மட்டும் உண்மையாகச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் 1 கொரிந்தியர் 13ஐ எடுத்து, "நிறைவானது" என்றால் முழு வேதாகமம், அது வந்துவிட்டது, ஆகவே தீர்க்கதரிசனம் ஒழிந்துபோயிற்று என்பார்கள். நான் அந்த வசனத்தில் நிற்பதில்லை. இரண்டு வசனம் தள்ளி முகமுகமாய்ப் பார்ப்போம் என்று பவுல் எழுதுகிறார், அது கிறிஸ்துவின் வருகையைத்தான் குறிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் அம்மாவிடம் அதைக் கொண்டுபோனால் அந்த ஜெபக்கூட்டத்தில் ஒருவர் இதையே எடுத்துச் சொல்லி உங்களை உட்காரவைத்துவிடுவார்.

குடியாத்தம் சகோதரி:

மூப்பர் ஐயாவுக்கு மரியாதையோடு ஒரு மறுப்பு. பவுல் 1 தெசலோனிக்கேயர் 5இல் "தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள்" என்று எழுதியது ஒரு சாதாரண சபைக்கு, அப்போஸ்தலருக்கு இல்லை. கொரிந்து சபையில் தீர்க்கதரிசனம் சொன்னவர்கள் ஒருவர் பேரும் நமக்குத் தெரியாது, அவர்கள் சொன்ன ஒரு வார்த்தையும் வேதத்தில் ஏறவில்லை. அப்படியென்றால் வேதத்தை எழுதுவதற்காக மட்டும் அந்த வரம் கொடுக்கப்படவில்லை, இல்லையா? யோவேல் சொன்னதைப் பேதுரு பெந்தெகொஸ்தே நாளில் எடுத்துச் சொன்னபோது, குமாரரும் குமாரத்திகளும் என்றுதான் சொன்னார், இத்தனை வருடத்துக்கு மட்டும் என்று சொல்லவில்லை.

இது அமெரிக்காவிலிருந்து நேற்று வந்த சரக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். பெந்தெகொஸ்தே இயக்கம் பரவக் காரணமான அமெரிக்காவின் அசூசா தெரு எழுப்புதல் 1906. அதற்கு முந்தைய வருடமே மகாராஷ்டிராவில் பண்டித ரமாபாயின் முக்தி மிஷனில் எழுப்புதல் வந்தாயிற்று. அதற்கும் 45 வருடம் முன்னால், 1860இல், திருநெல்வேலிச் சீமையில் அருளப்பன் என்கிற தமிழ் ஊழியரின் சபைகளில் அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் இருந்ததாகப் பதிவு இருக்கிறது. நம் மண்ணிலேயே நடந்தது அது.

இப்போது என் சொந்த அனுபவம். எனக்கு இரண்டாவது குழந்தை ஏழாம் மாதத்தில் தங்காமல் போய்விட்டது. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லோரும் "அடுத்த வருடம் ஆண் குழந்தை கர்த்தர் தருவார்" என்றே சொன்னார்கள், அதைக் கேட்கக் கேட்க எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. எங்கள் சபையில் பீடி சுற்றுகிற ஒரு பாட்டி உண்டு, எழுதப் படிக்கத் தெரியாது, விரல் நுனியெல்லாம் புகையிலைக் கறை. ஜெப நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் புறங்கையைத் தடவிக்கொண்டே, "குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாயே, அந்தச் சத்தத்திலும் எனக்குக் கேட்டது என்கிறார் கர்த்தர்" என்றார்கள். நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதது என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. பாட்டி வேறு ஒன்றும் சொல்லவில்லை. குழந்தை பிறக்கும் என்று சொல்லவில்லை, காணிக்கை கேட்கவில்லை, சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார்கள். இன்றுவரை அது என்னைத் தாங்குகிறது. இதை எந்த வாதத்துக்காகவும் நான் விட்டுக்கொடுக்க முடியாது.

ஆனால் தம்பி, அதே வாயால் சொல்கிறேன், உங்கள் அக்காவுக்குச் சொன்னது அந்த ரகம் இல்லை. 1 கொரிந்தியர் 14:3 பாருங்கள். தீர்க்கதரிசனம் சொல்லுகிறவன் பக்திவிருத்தியும் புத்தியும் ஆறுதலும் உண்டாகப் பேசுகிறான். உங்கள் வீட்டில் இந்த மூன்றில் எது உண்டாயிற்று? ஒரு பெண் வாய்மூடிப் போனதுதான் உண்டாகியிருக்கிறது.

ஆற்காடு வாசகர்:

சுருக்கமாக. எங்கள் வீட்டில் "இந்த இடத்தை உனக்குக் கொடுத்தேன்" என்று ஒருவர் சொன்னதை நம்பி அம்மாவின் நகையை அடகு வைத்து முன்பணம் கொடுத்தோம். இடத்தில் வில்லங்கம். நகை முழுகிப்போய்விட்டது. சொன்னவரிடம் கேட்டதற்கு எங்களுக்கு விசுவாசம் குறைவு என்றார். வரம் இருக்கிறதோ இல்லையோ, சொன்னது பொய்யானால் சொன்னவர் பொறுப்பேற்கவேண்டும். உபாகமம் 18:22 அதைத்தான் சொல்கிறது.

திருப்பத்தூர் கத்தோலிக்கர்:

நாங்கள் இறைவாக்கு என்று சொல்வோம். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வரையறை இருக்கிறது, உங்களுக்கு உதவலாம் என்று எழுதுகிறேன். கிறிஸ்துவோடு பொதுவான வெளிப்பாடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வருகிறதெல்லாம் தனி வெளிப்பாடு, அது விசுவாசத்தின் கருவூலத்தைச் சேர்ந்தது இல்லை. திருச்சபையின் மறைக்கல்வி நூல் 67ஆம் எண்ணில் இதைச் சொல்கிறது. லூர்து 1858, பாத்திமா 1917, இவ்வளவு பெரிய மாதா காட்சிகளைத் திருச்சபை விசாரித்து ஏற்றுக்கொண்ட பிறகும், அவற்றை நம்பித்தான் ஆகவேண்டும் என்று எந்தக் கத்தோலிக்கரையும் கட்டாயப்படுத்துவதில்லை. 13ஆம் நூற்றாண்டிலேயே எங்கள் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், எந்தக் காலத்திலும் இறைவாக்கு வரம் உடையவர்கள் இருந்திருக்கிறார்கள், அது புதிய போதனை சொல்வதற்கு அல்ல, மனிதரின் செயல்களை நெறிப்படுத்துவதற்கு என்று எழுதிவிட்டார். லூர்துக்கே அப்படியென்றால் ஒரு வீட்டுக் கூட்டத்தில் சொன்ன வார்த்தை எப்படி உங்கள் அக்காவைக் கட்டிப்போடும்?

வேலூர் வேத ஆசிரியர்:

மேலே எல்லாவற்றையும் படித்தேன். மூப்பரும் சகோதரியும் எதிரெதிராகப் பேசுவது போலத் தெரிந்தாலும், தம்பியின் வீட்டுக் காரியத்தில் இரண்டு பேரும் ஒரே இடத்துக்குத்தான் வருகிறார்கள். வரம் நின்றுவிட்டது என்று அடித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. 1 தெசலோனிக்கேயர் 5:20ஐ சகோதரி சொன்னார்கள், அடுத்த வசனத்தையும் சேர்த்துப் படிக்கவேண்டும்: "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்." 1 கொரிந்தியர் 14:29இல் இரண்டு மூன்று பேர் பேசலாம், மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள் என்கிறார் பவுல். ஆக, பேசுகிறவர் எவ்வளவு முக்கியமோ, கேட்டு நிதானிக்கிறவர்களும் அவ்வளவு முக்கியம். இரண்டும் சேர்ந்தால்தான் அந்த வரம் முழுமை. ஒருவர் வந்தார், சொன்னார், போய்விட்டார், யாரும் நிதானிக்கவில்லை, கேட்கவே பயம் என்றால் பவுல் சொன்ன வரத்தில் பாதிதான் அங்கே நடந்திருக்கிறது.

ஆதிச் சபைக்கும் இந்தப் பிரச்சினை இருந்தது. டிடாக்கே என்று ஒரு பழைய கையேடு, அப்போஸ்தலரின் போதனை என்று பெயர், முதல் நூற்றாண்டின் கடைசியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டது. பல நூற்றாண்டுகளாகக் காணாமல் போயிருந்து 1873இல் கான்ஸ்டான்டிநோபிளில் ஒரு கையெழுத்துப் பிரதி கிடைத்தது. அதில் ஊர் ஊராகப் போகிற ஊழியர்களைப் பற்றி எழுதியிருக்கிறது: ஒரு நாள் தங்கட்டும், தேவையானால் இரண்டு நாள், மூன்று நாள் தங்கினால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி. ஆவியில் பேசுகிறேன் என்று எனக்குப் பணம் கொடு என்றால் கேட்காதீர்கள், இல்லாத ஏழைக்குக் கொடுங்கள் என்றால் அவனைக் குறை சொல்லாதீர்கள். அந்தச் சபைகள் வரத்தையும் மறுக்கவில்லை, வந்தவரை அளக்கவும் தயங்கவில்லை.

அளக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. கேரளத்தில் 1875இல் யுஸ்துஸ் ஜோசப் என்பவர், எழுப்புதல் நடந்துகொண்டிருந்த நேரத்தில், கிறிஸ்து ஐந்தரை வருடத்தில் வந்துவிடுவார் என்ற செய்தியைப் பரப்பினார். நல்ல கல்விமான், அருமையான பாடல்கள் எழுதியவர். ஜனங்கள் காத்திருந்தார்கள். 1881 வந்தது, கடந்தும் போனது. அவர்களுக்கு ஐந்தரை வேதக்காரர் என்று பெயரே நிலைத்துவிட்டது. பக்தியும் படிப்பும் இருந்தால் மட்டும் போதாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இப்போது தம்பியின் காரியத்துக்கு நேராக வருகிறேன். அப்போஸ்தலர் 21ஐ அம்மாவோடு உட்கார்ந்து மெதுவாகப் படியுங்கள். தீருவில் இருந்த சீஷர்கள் எருசலேமுக்குப் போகவேண்டாம் என்று பவுலுக்கு ஆவியின் ஏவுதலால் சொல்கிறார்கள். பிறகு செசரியாவில் பிலிப்புவின் வீடு. தீர்க்கதரிசனம் சொல்லுகிற நான்கு பெண்கள் அந்த வீட்டிலேயே இருக்கிறார்கள். யூதேயாவிலிருந்து அகபு வருகிறார், பவுலின் கச்சையை எடுத்துத் தன் கையையும் காலையும் கட்டிக்கொண்டு, இந்தக் கச்சைக்காரனை எருசலேமில் இப்படிக் கட்டுவார்கள் என்கிறார். இந்த அகபு சாதாரண ஆள் இல்லை, ரோமப் பேரரசன் கிலவுதியு காலத்துப் பஞ்சத்தை முன்பே சொன்னவர், அது நடந்தும் இருந்தது. எல்லோரும் அழுது, போகாதீர்கள் என்று கெஞ்சுகிறார்கள். பவுல் என்ன செய்தார்? அகபு பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை. சொன்னதைக் கேட்டுக்கொண்டார், பிறகு தன் மனசாட்சியில் தேவன் வைத்திருந்ததை வைத்துத் தானே முடிவெடுத்து எருசலேமுக்குப் போனார். கடைசியில் சபையும் கர்த்தருடைய சித்தம் ஆகக்கடவது என்று அமர்ந்துவிட்டது. நிஜமான தீர்க்கதரிசியிடமிருந்து வந்த நிஜமான வார்த்தைகூட பவுலின் முடிவை அவர் கையிலிருந்து பிடுங்கவில்லை. இதை நான் பல வருடமாக வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் எனக்குப் புதிதாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று 1 இராஜாக்கள் 13. யூதாவிலிருந்து வந்த ஒரு தேவனுடைய மனுஷனிடம் அப்பம் புசிக்காதே, போன வழியே திரும்பாதே என்று கர்த்தர் தானே சொல்லியிருந்தும், பெத்தேலிலிருந்த கிழத் தீர்க்கதரிசி "ஒரு தூதன் என்னோடே பேசினான்" என்று பொய் சொன்னதும் அவன் திரும்பிப் போய்ச் சாப்பிட்டான். வழியில் சிங்கம் அடித்துப் போட்டது. பெரியவர் சொன்னார், தேவன் பேரைச் சொல்லிச் சொன்னார் என்பதற்காக மட்டும் ஒன்றை ஏற்கக்கூடாது என்பதை இதைவிட வலியாக வேதம் எங்கும் சொல்லவில்லை.

நம் ஊர் ஆள் ஒருவரையும் சொல்லிவிடுகிறேன். ஐடா ஸ்கடர் ஒரு மிஷனரி டாக்டரின் மகள், மிஷனரி வாழ்க்கையே வேண்டாம் என்றிருந்தவர். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர், பிரசவத்தில் தவிக்கிற மனைவிக்கு உதவி கேட்டு வந்து, ஆண் டாக்டர் வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள், மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த ராத்திரியைத்தான் அவர் தன் அழைப்பு என்று எடுத்துக்கொண்டார். படித்துவிட்டு வந்து 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியதுதான் இன்றைய சிஎம்சி ஆஸ்பத்திரி. அங்கே யாரும் அவர் தலைமேல் கை வைத்துத் திசை சொல்லவில்லை. கதவைத் தட்டினவர்களின் தேவையைப் பார்த்து, ஜெபித்து, முடிவெடுத்தார். தேவன் அப்படியும் நடத்துகிறார் என்று உங்கள் அம்மாவுக்குத் தெரிந்தே இருக்கும், ஞாபகப்படுத்தினால் போதும்.

குடியாத்தம் சகோதரி:

ஆசிரியர் ஐயா எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன், கல்யாணக் காரியம் என்பதால். ஆதியாகமம் 24. ஆபிரகாமின் ஊழியக்காரன் கிணற்றடியில் அடையாளம் கேட்டான், கேட்டபடியே ரெபெக்காள் ஒட்டகங்களுக்கும் தண்ணீர் வார்த்தாள், லாபானும் பெத்துவேலும் இந்தக் காரியம் கர்த்தரால் வந்தது என்று ஒத்துக்கொண்டார்கள். இதைவிடத் தெளிவாக ஒரு அடையாளம் யாருக்கு வரும்? அவ்வளவுக்குப் பிறகும் அந்த வீட்டார், "பெண்ணை அழைத்து, அவள் வாய்ப்பிறப்பைக் கேட்போம்" என்றார்கள். கூப்பிட்டுக் கேட்டார்கள், அவள் போகிறேன் என்றாள், அப்புறம்தான் அனுப்பினார்கள். உங்கள் அக்காவின் வாய்ப்பிறப்பை யாராவது கேட்டீர்களா தம்பி? நீங்கள் கேட்டீர்களா?

ராணிப்பேட்டை மூப்பர்:

சகோதரி, அந்தப் பாட்டியம்மா சொன்னதை நான் மறுக்கப்போவதில்லை. அதற்கு நான் வேறு பெயர் வைப்பேன், நீங்கள் வேறு பெயர் வைக்கிறீர்கள், அவ்வளவுதான். 24ஆம் அதிகாரத்தை நான் எத்தனையோ கல்யாணங்களில் வாசித்திருக்கிறேன், இந்த வரியில் ஒருநாளும் நிற்கவில்லை.

காட்பாடி தம்பி:

எல்லோருக்கும் நன்றி. சகோதரி கேட்ட கேள்வியில் இரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. உண்மை என்னவென்றால் நானும் கேட்கவில்லை. அக்காவுக்காகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அம்மாவோடுதான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

நேற்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் அப்போஸ்தலர் 21ஐ வாசித்தேன், வேறு எதுவும் சொல்லவில்லை. அம்மா 14ஆம் வசனத்தில் நிறுத்தி இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு ஆதியாகமம் 24ஐ அக்காவையே வாசிக்கச் சொன்னேன். "வாய்ப்பிறப்பை" என்ற இடம் வந்ததும் அவள் குரல் நின்றுவிட்டது. அம்மா கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்த வார்த்தையைப் பற்றி அந்தக் கூட்டத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லையே, நானும் கேட்கவில்லையே" என்றார். அப்புறம் அக்காவிடம், "உனக்கு என்ன மனசு?" என்று கேட்டார். ஆம்பூர் என்று மட்டும் சொன்னாள்.

அம்மா அந்தத் தாளைக் கிழிக்கவில்லை, அடிக்கவும் இல்லை. அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் 1 தெசலோனிக்கேயர் 5:21 என்று எழுதியிருக்கிறார், இன்று காலையில்தான் பார்த்தேன். வருகிற வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துப் பெண்களிடமும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எங்கள் ஆயரிடமும் இதைச் சொல்லி அவர்களையும் நிதானித்துப் பார்க்கச் சொல்லப்போகிறாராம். ஆம்பூர் வீட்டில் இன்னும் வேறு இடம் முடிவாகவில்லை என்று தெரிகிறது. ஞாயிறு சாயங்காலம் அம்மாவே போன் செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஜெபித்துக்கொள்ளுங்கள்.